பதினாலாவது கருவி

பதினாலாவது கருவிக்கு டீச்சர் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு மார்க் போட்டாள். அவ்வளவு மார்க்கை அவ்வளவு வயிற்றெரிச்சலோடு அவள் அதுவரை போட்டதில்லை.

அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் நாலாவது மாடியில் வேலை பார்ப்பவள். அறுநூறு கட்டடங்களின் லிஃப்டுகள் அந்தக் கம்பெனியின் பொறுப்பு. குடியிருப்பவர்கள் செல்போனில் புகார் எழுதி அனுப்புவார்கள். முன்பு நாலு பேர் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். இப்போது ஒரு செயற்கை அறிவு ஏஜென்ட் சொல்கிறது. பதில் சொல்வதோடு விடுவதில்லை, காரியமும் செய்கிறது. மெக்கானிக்கை அனுப்ப ஒரு கருவி. பழைய பழுதுகளைத் தேட ஒரு கருவி. புகாரை மூட ஒரு கருவி. எல்லாம் மென்பொருள் கருவிகள்.

கருவிக்குள் என்ன இருக்கிறது என்பது ஏஜென்டுக்குத் தெரியாது. கருவியோடு சேர்த்துக் கொடுக்கும் குறிப்பைத்தான் அது படிக்கும். இது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது. அந்தக் குறிப்பை எழுதுவது அவள். எழுதி முடித்ததும் கேள்வித்தாள் தயாரித்து, ஏஜென்ட் சரியான கருவியை எடுக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவதும் அவள்தான். அதனால் டீச்சர்.

ஏஜென்டுக்கும் அந்த மாடியில் ஒரு பெயர் இருந்தது. மாப்பிள்ளை. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் தனக்குப் புரிந்தபடிதான் செய்யும். செய்து கெடுத்தாலும் பேச்சு வாங்குவது வீட்டுக்காரர்கள்தான். அந்தப் பெயரை வைத்தவள் அண்ணி. வைத்த நாளில் அவள் டீச்சருக்கு அண்ணி ஆகியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி. வாடி, போடி என்று பேசிக்கொண்டிருந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று டீச்சர்தான் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அன்று அண்ணன் ஏணி போட்டு ஏறி மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனும் அதே கம்பெனியில் மெக்கானிக். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஏழு மாதத்தில் கல்யாணம். கல்யாணத்தன்று டீச்சர் முதன்முதலாக "வாங்க அண்ணி" என்றாள். மரியாதையும் பகையும் ஒரே வண்டியில் வந்து இறங்கின.

கருவிகள் செய்யும் குழுவுக்குத் தலைமை வேண்டும் என்றார்கள். இருவரும் விண்ணப்பித்தார்கள். அண்ணிக்குக் கிடைத்தது. அம்மா இறந்த பிறகு வீட்டைப் பிரிக்க வேண்டும் என்று அண்ணி ஒருநாளும் சொல்லவில்லை. "படிக்கட்டு வெளியில இருந்தா எல்லாருக்கும் சௌகரியம்" என்றாள். படிக்கட்டு வெளியே வந்தது. மேலே அவர்கள், கீழே டீச்சர். நடுவில் இருந்த கதவை அடைத்துச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள்.

பதினாலாவது கருவி அண்ணியின் குழு செய்தது. பெயர் 'மறுபடி இயக்கு'. நின்றுபோன லிஃப்டை அலுவலகத்தில் இருந்தபடியே ஓடவைக்கும். அதுவரை அதற்கு ஒரு மெக்கானிக் நேரில் போக வேண்டியிருந்தது. நல்ல கருவிதான். ஒரே ஒரு சங்கடம். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் மெக்கானிக் இறங்கியிருக்கும்போது அதை எடுத்துவிடக் கூடாது.

குழிக்குள் இறங்கும் மெக்கானிக் செல்போனில் 'உள்ளே இருக்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்துவான். பதிமூன்றாவது கருவி, 'உள்ளே யார்', அதைப் பார்த்துச் சொல்லும். முதலில் பதிமூன்றைக் கேட்டுவிட்டுப் பிறகு பதினாலை எடு என்பது மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பாடம். டீச்சர் அதைக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தாள்:

'மெக்கானிக் உள்ளே பணியில் இருக்கக்கூடும் என்றால், முதலில் உள்ளே யார் என்ற கருவியைக் கேள். பதில் வரும்வரை இதை எடுக்காதே.'

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய வரிகள். அவளுக்கு அவற்றின்மேல் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடி அறை. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, முகம் மட்டும் தெரியும். அதனால் மூவரும் முகத்தை நன்றாக வைத்துக்கொண்டார்கள்.

"நூத்துத் தொண்ணூத்தேழு. அப்புறம் என்ன? கையெழுத்தைப் போடுங்க டீச்சர். வெள்ளிக்கிழமை வெளியிடறோம்" என்றார் மேனேஜர்.

"மார்க் சரிதான். ஆனா உள்ள ஆள் இருக்காரான்னு அந்தக் கருவியே பார்க்கணும் சார். மாப்பிள்ளை கேக்கும்னு நம்பி விடக் கூடாது."

அண்ணி பேனாவை மூடினாள். "பார்க்கற மாதிரிதான் முதல்ல செஞ்சோம். மெக்கானிக்குங்க வெளிய வந்துட்டு பொத்தானை அழுத்த மறந்துடறாங்க. லிஃப்ட் பூட்டியே கிடக்குது. ஒரு கட்டடத்துல நாலு நாள். அதனாலதான் அந்தச் சோதனையை நீக்கினோம். இப்ப உள்ள ஆள் இருக்கறதா பதில் வந்தா மாப்பிள்ளை ஃபோன் போட்டு விசாரிக்கும். டீச்சர் எழுதின குறிப்பும் அதுதானே?"

"என் குறிப்பு அதுதான்."

"மெக்கானிக் உள்ள இருக்கற கேள்வி எத்தனை வச்சீங்க?"

"முப்பது."

"மாப்பிள்ளை எத்தனை சரியா செஞ்சிது?"

மேனேஜர் தாளைப் பார்த்தார். "முப்பதுக்கு முப்பது."

"அப்ப உங்க எழுத்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? எனக்கு இருக்கே" என்றாள் அண்ணி.

கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அவள் பாராட்டுவது போலத்தான் தெரிந்திருக்கும்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "டீச்சர், காரணம் இருந்தா சொல்லுங்க. உங்க வீட்டு விவகாரத்தை எல்லாம் வெளிய கழட்டி வச்சிட்டு வாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம்."

காரணம் இல்லை. மனசு ஒப்பவில்லை என்பதைத் தாளில் எழுத முடியாது. அதிலும் அவள் எழுதினால் நாத்தனார் புத்தி என்பார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. வேறு யாராவது செய்த கருவியாக இருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாளோ?

ஆனால் அந்தக் குழிக்குள் இறங்குகிறவர்களில் ஒருவன் அவள் அண்ணன்.

கிரீஸ் கறையோடு மாடிக்கு வரக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அதனால் அண்ணன் வேலை முடிந்து வந்ததும் கீழே உள்ள குழாயில் கைகால் கழுவிவிட்டுத்தான் மேலே போவான். குழாய், டீச்சரின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது அந்தப் பத்து நிமிடம்தான். அவன் சோப்பைத் தேய்ப்பான், இவள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அண்ணி போட்ட சட்டத்தில் அண்ணிக்குத் தெரியாமல் இருந்த ஓட்டை அது.

"என்ன, முகம் ஏழு முழத்துக்கு இருக்கு?" என்றான்.

"உன் பொண்டாட்டி."

"அது தினமும் இருக்கறதுதானே. புதுசா என்ன?"

"கருவி ஒண்ணு செஞ்சிருக்காங்க. நான் கையெழுத்துப் போடணும்."

"போட்டுத் தொலையேன். நீங்க ரெண்டு பேரும் மேலயும் கீழயும் இழுக்கறதுல நடுவில நசுங்கறவன் நான்தான்." அவன் சிரித்தான். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான். "இதைக் கேளு. அந்த ஏழு மாடிக் கட்டடத்துல ஒருத்தர். ஆபீசுக்கு எழுதறதுக்குப் பதிலா எனக்கே எழுதறார். 'தம்பி உங்க ஆள் வந்தான் போனான் ஒண்ணும் ஆகல லிஃப்ட் அப்படியே நிக்குது நாங்க மனுஷங்களா இல்லியா.'"

"யாரு அந்த ஆள்?"

"நான்தான். எங்கயும் போகல. அவர் காலுக்குக் கீழ குழிக்குள்ளதான் இருந்தேன். மேல கதவை மூடிட்டு உள்ள இறங்கினா யாருக்குத் தெரியும்? பையைக் காணோம், வண்டியைக் காணோம், ஆள் ஓடிட்டான்னு முடிவு பண்ணிடுவாங்க. இந்த மாதிரி நூறு இருக்கு. நான் குழியில இருப்பேன், ஃபோன்ல என்னையே திட்டுவாங்க."

டீச்சரின் கை கம்பியைப் பிடித்தது.

அவள் தயாரித்த முப்பது கேள்விகளிலும் மெக்கானிக் உள்ளே இருந்தால், உள்ளே இருக்கிறார் என்றே எழுதியிருந்தாள். 'மெக்கானிக் உள்ளே பணியில் இருக்கிறார். லிஃப்டை இயக்க முடியுமா?' உலகத்தில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். உள்ளே ஆள் இருக்கும்போதுதான், ஆள் போய்விட்டான் என்று எழுதுவார்கள்.

"உன்கிட்ட இருக்கற மெசேஜ் எல்லாத்தையும் எனக்கு அனுப்பு. மூணு மாசத்துது."

"எதுக்கு?"

"அனுப்பு."

"உங்க அண்ணி தலையை உருட்டறதுக்கா?"

"அனுப்புடா அண்ணா. சரி, குழியில சிவப்பு சுவிட்ச் இருக்கே, இறங்கினதும் போடறியா?"

குழிக்குள் அந்த சுவிட்சைப் போட்டுவிட்டால் யார் என்ன செய்தாலும் லிஃப்ட் நகராது. மெக்கானிக்குக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அது.

"போடுவேன். வேலை செய்யற இடத்துல."

"வேலை செய்யாத இடம் எத்தனை?"

அவன் குழாயை இறுக்கி மூடினான். "பழைய கட்டடம் பாதியில செய்யாது. எழுதிக் கொடுத்தா, மாத்தற வரைக்கும் இறங்காதேம்பாங்க. அப்புறம் யாரு திட்டு வாங்கறது? இதை உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத. சொன்னே, உன்கூடப் பேச மாட்டேன்."

புதன்கிழமை காலை டீச்சர் அறுபது மெசேஜ்களை எடுத்துக்கொண்டாள். எழுத்துப்பிழை, வசவு, பாதியில் நின்ற வாக்கியம், எதையும் திருத்தவில்லை. நிஜ லிஃப்டுகளோடு சேராத சோதனைப் பிரதியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். கூடவே அண்ணன் பொத்தானை அழுத்திய நேரங்களையும் வைத்துக்கொண்டாள். அறுபதில் இருபத்திரண்டு, அவன் உள்ளே இருந்தபோது வந்தவை.

அந்த இருபத்திரண்டில் ஒன்பது தடவை மாப்பிள்ளை யாரையும் கேட்கவில்லை. நேராகப் பதினாலாவது கருவியை எடுத்தது.

போன வெள்ளிக்கிழமை. அண்ணன் உள்ளே இறங்கியது பதினொன்று பத்துக்கு. வெளியே வந்தது பதினொன்றே முக்காலுக்கு. மெசேஜ் வந்தது பதினொன்று இருபதுக்கு. 'ஆள் போயாச்சு இன்னும் ஓடல.' மாப்பிள்ளை அதைப் படித்தது. ஆள் போயாச்சு என்றால் உள்ளே யாராவது இருக்கக்கூடும் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. குறிப்பு சொன்னபடிதான் நடந்துகொண்டது. 'சிரமத்துக்கு மன்னிக்கவும். லிஃப்டை இயக்கிவிட்டேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?'

டீச்சர் அந்த மூன்று வாக்கியங்களையும் இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

காரணம் கிடைத்துவிட்டது. அண்ணியின் கருவி தோற்றுவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். நாலு வரி ஓடிய பிறகு, கேள்வித்தாள் எப்படித் தயாரிக்கப்பட்டது என்ற கட்டம் வந்தது.

எப்படித் தயாரித்தாள்? திரையின் இடது பக்கம் தன் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வலது பக்கம் கேள்விகளை எழுதினாள். எப்போதும் அப்படித்தான். குறிப்பில் 'பணியில்' என்று இருந்தால் கேள்வியிலும் 'பணியில்'. விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு மார்க் போட்டிருக்கிறாள். பழைய தாள்களைத் திறந்தாள். முதல் கருவி, நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஐந்தாவது கருவி, நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒன்பதாவது கருவி, இருநூறுக்கு இருநூறு. அந்த இருநூறுக்கு மேனேஜர் மாடி முழுவதையும் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார்.

பதினாலு கருவி. இரண்டு வருஷம். ஒரு மார்க்கும் செல்லாது.

அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

மத்தியானம் அண்ணி வந்தாள். மேசைக்கு அருகில் வரவில்லை. மாடிப்படிக் கதவருகே நின்று விரலை அசைத்தாள். டீச்சர் போனாள். கதவு மூடியது. கம்பெனியின் லிஃப்ட் எப்போதும் நன்றாக ஓடியதால் அந்தப் படிகளில் யாரும் நடப்பதில்லை.

"என் புருஷன் ஃபோனை நோண்டறியா?"

"எங்கண்ணன் ஃபோனை."

"அவர் ஒண்ணும் மறைக்கல. ராத்திரி சாப்பிடும்போதே உளறிட்டார். நேர்வழியில தோக்கடிக்க முடியல, கொல்லைப்புறமா வர்றே."

"ஒன்பது தடவை அண்ணி."

"என்ன ஒன்பது?"

டீச்சர் தாளை நீட்டினாள். அண்ணி சுவரில் சாய்ந்து படித்தாள். அவள் வேகமாகப் படிப்பவள். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. அதுதான் டீச்சருக்குப் பெரிய துன்பம். கடைசி வரி வரை போனவள் மறுபடி மேலே வந்து, காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது ஏன் காலி?"

"எழுதணும்."

"எழுத மாட்டே. பழைய தாளை எனக்குக் காட்டாமலா இருந்தே? அஞ்சாவது கருவிக்கு நீ எழுதறப்ப பக்கத்துல உக்காந்து பார்த்தவ நான். லெஃப்ட்ல குறிப்பு, ரைட்ல கேள்வி. பதினாலுக்கும் இதேதானே?"

டீச்சர் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

"சூப்பர். என் கருவி மட்டும் ஃபெயில், உன் பரீட்சை மட்டும் பத்தரை மாத்து. நாளைக்கு இந்தத் தாளைக் குடு. குடுத்த அடுத்த நிமிஷம் மத்த பதிமூணையும் நான் எடுத்து மேசை மேல போடறேன். மேனேஜர் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்தே நாறுவோம்."

"கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. குறிப்பை மாத்தி எழுது. அதானே உன் வேலை? எப்பவும் கேள்னு எழுது."

"எழுதிப் பார்த்தேன். ஒன்பது, ரெண்டாச்சு. பூஜ்யம் ஆகல."

அண்ணி தாளை மடித்தாள். "அவர் சிவப்பு சுவிட்ச் போட்டுட்டுதான் வேலை பார்ப்பார். உன் ரெண்டும் ஒண்ணும் பண்ணாது."

கீழே எங்கோ ஒரு கதவு சாத்தியது. தன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கழுவிய கைகளோடு அண்ணன் நிற்பது போல டீச்சருக்குத் தோன்றியது. சொல்லிடாத.

"பாதி கட்டடத்துல அந்த சுவிட்ச் வேலை செய்யாது. இருந்தும் இறங்கறான். கேட்டுப் பாருங்க" என்றாள்.

"பொய்."

"வேணும்னா பொய்னே வச்சிக்கோங்க."

"என்னைத் தோக்கடிக்கறதுக்கு அவர் உயிரை எடுத்துப் பேசறியே, வாய் கூசல?" அண்ணியின் குரல் உடைந்தது. உடைந்ததை டீச்சர் கேட்டுவிட்டாள் என்பதில்தான் அவளுக்கு அதிகக் கோபம். "அண்ணி அண்ணின்னு கூப்பிடறியே, ஒருநாளாவது மனசாரக் கூப்பிட்டிருக்கியாடி?"

"நீங்க கூப்பிட வச்ச மாதிரி கூப்பிடறேன்."

அண்ணி படியில் இறங்கிப் போனாள். நாலு மாடியும் நடந்தே இறங்கினாள். காலடி கடைசி வரை கேட்டது.

அன்று மாலை அண்ணன் வழக்கம்போல் குழாய்க்கு வந்தான். டீச்சர் ஜன்னலுக்குப் போகவில்லை. அவன் இரண்டு தடவை இருமினான். பிறகு மேலே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மேலே குரல்கள் எழுந்தன. சொற்கள் கேட்கவில்லை. ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

வியாழக்கிழமை மாலை. கண்ணாடி அறை. அண்ணியின் கண்கள் வீங்கியிருந்தன. யாரும் கேட்கவில்லை.

"போட்டாச்சா?" என்றார் மேனேஜர்.

டீச்சர் அறிக்கையை வைத்தாள். அந்தக் கட்டம் காலியாக இல்லை.

"கருவி வெளியே போகக் கூடாது சார். நிஜமான மெசேஜ் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டுல ஒன்பது தடவை, உள்ள ஆள் இருக்கறப்ப மாப்பிள்ளை ஓட்டிடுச்சு. நான் போட்ட நூத்துத் தொண்ணூத்தேழு செல்லாது. என் குறிப்பைப் பார்த்து நானே கேள்வி எழுதினேன். கேள்வியிலேயே பதில் இருந்துச்சு."

"இந்த ஒண்ணுலயா?"

"பதினாலுலயும்."

மேனேஜர் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு பேசினார். கண்ணாடி அறைக்குள் பேசுவதும் சில சமயம் வெளியே கேட்கும் என்று அன்றுதான் நாலாவது மாடி தெரிந்துகொண்டது. ரெண்டு வருஷம், கைதட்டல், தலைமை அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் வந்தன. டீச்சர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"என் கருவியில கோளாறு இல்ல. குறிப்புல கோளாறு, கேள்வித்தாள்ல கோளாறு. முப்பதுக்கு முப்பதுன்னு சொன்னதை நம்பித்தான் நான் பேசினேன். யார் நம்ப வச்சாங்களோ அவங்கதான் பதில் சொல்லணும்" என்றாள் அண்ணி.

ஒரு சொல்கூடக் கூடவோ குறையவோ இல்லை. டீச்சர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"சரி, இப்ப என்ன பண்றது?"

"மூணு வாரம் வேணும். உள்ள ஆள் இருந்தா கருவியே ஓடாத மாதிரி செய்யணும். மாப்பிள்ளை கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி. வெளிய வந்ததை மறந்தா மெக்கானிக்குக்கு ஃபோன் அடிச்சிட்டே இருக்கணும்."

"இதைத்தானே இவங்க செவ்வாய்க்கிழமை சொன்னாங்க? நீங்கதான் வேண்டாம்னீங்க."

"செவ்வாய்க்கிழமை மார்க் இருந்துச்சு" என்றாள் அண்ணி. கொஞ்சம் விட்டு, "குழியில இருக்கற சிவப்பு சுவிட்ச் எல்லாத்தையும் சோதிக்கணும். மெக்கானிக் ஒவ்வொருத்தரும் எழுதிக் கொடுக்கணும். சுவிட்ச் செத்த குழிக்குள்ள யாரும் இறங்கக் கூடாது. முதல்ல என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பார்" என்றாள்.

மார்க் போடும் வேலை அன்றே டீச்சரிடமிருந்து போனது. வேறு ஆள் கிடைக்கும்வரை அண்ணியின் பொறுப்பு என்றார்கள். டீச்சருக்குக் குறிப்பு எழுதும் வேலை மட்டும் மிஞ்சியது. மற்ற பதிமூன்றுக்கும் நிஜ மெசேஜ்களை வைத்து மறுபரீட்சை. முதல் கருவிக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது. அதை அண்ணி பெரிய எழுத்தில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினாள். டீச்சர் என்று கூப்பிடுவதை மாடி தானாகவே நிறுத்திக்கொண்டது. இரண்டு பேர் மட்டும் விடாமல் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அண்ணி அவள் மேசைக்கு வந்தாள். பழைய குறிப்பை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய வரிகளின் மேல் சிவப்பு மையில் ஒரே கோடு.

"அந்த ஒன்பதையும் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒன்பது தடவையும் பதினாலைத்தான் எடுக்குது. கருவி ஒன்பது தடவையும் மாட்டேங்குது. இனிமே உன் புத்திமதி தேவையில்ல. புதுசா எழுதிக் குடு."

"எப்ப வேணும்?"

"இப்ப. நின்னு வாங்கிட்டுப் போறேன். மார்க் போடறவ நான்."

அவள் எழுதினாள். 'நின்ற லிஃப்டை ஓடவைக்கும். உள்ளே ஆள் இருந்தால் ஓடாது.' கையில் கொடுத்தாள். அண்ணி படித்தாள். திருத்த ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். அவள் கண் தேடியது இவளுக்குத் தெரிந்தது.

"இதுக்கா கம்பெனி ஒரு ஆள் வச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் திருத்தவில்லை.

அன்று மாலை கீழ்வீட்டுச் சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே கேட் திறந்தது. அண்ணனின் செருப்புச் சத்தம். மூன்று வாரமாக அவன் குழாய்க்கு வருவதில்லை. மாடியிலேயே கைகழுவ அண்ணி ஒரு தொட்டி வைத்துக் கொடுத்துவிட்டாள். சுவிட்ச் செத்ததாக அவன் எழுதிக் கொடுத்த கட்டடங்கள் நாற்பத்தொன்று. அவற்றில் பதினேழில்தான் சுவிட்ச் மாற்றியிருந்தார்கள். மற்ற இடங்களில் அவன் குழிக்குள் இறங்க முடியாமல் மேலே நின்று எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். சொன்னபடியே அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வழியில் பார்த்தால் செல்போனைப் பார்த்தான்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். செருப்புச் சத்தம் குழாயடிக்கு வந்தது. நிற்கவில்லை. படிக்கட்டில் ஏறியது. பன்னிரண்டாவது படியில் ஒரு கல் ஆடும், அதுவும் ஆடியது. மேலே கதவு திறந்து மூடியது.

அவள் கத்தியை எடுத்தாள்.